குரங்குகளுக்குப் போன மூன்று படங்கள்

அத்தைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மூன்று படங்களை நான் குரங்குகளுக்குச் செலவழித்தேன். மாமா திகைத்து நின்றபோது நான்தான் என்று சொல்லவும் இல்லை. எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பதினோரு வயது.

மாமா கோலா சிலாங்கூர் பக்கம், புக்கிட் ரோத்தானுக்கு அருகே ஒரு தோட்டத்தின் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தார். அவரிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று, மார்போடு அணைத்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டிய பெட்டி. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். ஆனால் நெகட்டிவ் ஒவ்வொன்றும் பிஸ்கட் அகலம் இருக்கும். மற்றது சட்டைப் பைக்குள் அடங்குவது. ஒரு படத்துக்கான இடத்தை இரண்டாகப் பங்கு போட்டு, முப்பத்தாறு பட ரோலில் எழுபத்திரண்டு எடுத்துவிடும். நெகட்டிவ் கட்டைவிரல் நுனி அளவுதான்.

எழுபத்திரண்டு எடுக்கிற கேமரா இருக்க, பன்னிரண்டுக்கு இவ்வளவு பவ்வியம் எதற்கு என்று எனக்கு விளங்கியதே இல்லை.

"ஓடுறதுக்குச் சின்னது. ஒக்கார வச்சுப் பாக்குறதுக்குப் பெருசு" என்பார் மாமா. டிஜிட்டல் கேமராவில் சென்சார் பெரியதா சிறியதா எதை வாங்குவது என்று இன்று என் மகன் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான். இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பெட்டியோடு மாமா குனிந்தால் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் தாமாகவே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். அத்தை மட்டும் கூச்சத்தில் அதன் முன் நின்றதே இல்லை. ஒரு தீபாவளிக்கு மறுநாள்தான், புதுச் சேலையில், கோலா சிலாங்கூர் குன்றின் கலங்கரை விளக்கத்தடியில் நிற்கச் சம்மதித்தார். ரோலில் மூன்று படம் மிச்சம். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு மாமா குளிர்பானம் வாங்கப் போனார். அத்தை பயத்தங்காய்களை நீட்டிக் குரங்குகளோடு விளையாடிக்கொண்டிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒரு குரங்கு. ஒன்றுதான் என்று தொடங்கி, மூன்றையும் முடித்துவிட்டேன்.

திரும்பி வந்த மாமா பெட்டியில் பட எண்ணைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "முடிஞ்சிருச்சா? நான்தான் கணக்க விட்டுட்டேன் போல."

"ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் பெரிய பொட்டி, பொண்டாட்டிக்கு மட்டும் நெருப்புப் பொட்டியா?" என்று அத்தை சிரித்தார். மாமா சின்னக் கேமராவில் எடுத்தார். அதற்குள் அத்தையின் முகம் கூச்சத்தில் விறைத்துவிட்டது.

அடுத்த தீபாவளி வருவதற்குள் அத்தை காய்ச்சலில் படுத்தார், எழவில்லை.

கருமாதிக்கு மாலை போட அந்தப் படத்தைத்தான் கடையில் பெரிதாக்கினார்கள். முகமெங்கும் புள்ளி, கண் எது, நிழல் எது என்று தெரியவில்லை. "எல்லாரையும் படம் புடிக்கிறவன், பொண்டாட்டி மூஞ்சியத் தவிட்டுல பொரட்டி வச்சிருக்கான் பாரு லா" என்றார் மாமாவின் அண்ணன்.

மறுநாள் குளியலறைப் பக்கம் மாமாவைத் தனியாகப் பிடித்தேன். "மாமா, அன்னிக்கு ரோல முடிச்சது நான்தான். கொரங்கப் புடிச்சேன்." அழுகையில் பாதிச் சொல்லை விழுங்கிவிட்டேன்.

"தெரியும்டா. ரோலக் கழுவுனது நான்தானே?"

நான் இன்னும் பெரிதாக அழுதேன். அவர் சற்று யோசித்தார். பிறகு பர்சிலிருந்து ஒரு சதுரப் படத்தை எடுத்தார். நெகட்டிவ் அளவிலேயே அச்சிட்டது. முன்னால் கலங்கலாகக் குரங்கின் தலை. பின்னால் மூலையில் அத்தை, பக்கவாட்டில், வாய்விட்டுச் சிரித்தபடி. அந்தச் சின்ன மூலையிலும் கண் எது, பல் எது என்று தெளிவாகத் தெரிந்தது.

"பெரிய நெகட்டிவ்டா. இந்த மூலைய மட்டும் பெருசு பண்ணாலும் கலங்காம நிக்கும். நீ புடிச்சதுதான். அழாத."

அடுத்த வாரம் அந்த மூலை பெரிதாகிச் சுவருக்கு வந்தது. "செத்தவங்க படம் பல்லக் காட்டுமா?" என்று உறவுக்காரப் பெண்கள் முணுமுணுத்தார்கள். மாமா கழற்றவில்லை. என் திருட்டால்தான் அத்தை சுவரில் சிரிக்கிறார் என்று நான் வெகுகாலம் பெருமையோடு திரிந்தேன்.

பர்சிலிருந்து வந்த படத்தின் ஓரங்கள் தேய்ந்திருந்தன. அன்று அதைப் பார்த்தேன், யோசிக்கவில்லை. அந்தச் சிரிப்பை மாமா தனக்கென்று மட்டும் வைத்திருந்திருக்கிறார். ஒரு பையனின் அழுகையை நிறுத்த, வருவோர் போவோர் எல்லாரும் பார்க்கும்படி அதைச் சுவருக்குக் கொடுத்துவிட்டார்.