கைநழுவி அக்கா கீழே போட்ட பாலம்

எங்கள் வரைபட அலுவலகத்தில் அவருக்குக் கைநழுவி அக்கா என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். என் தேநீர்க் கோப்பைகள் இரண்டு போன வயிற்றெரிச்சல். வீட்டிலும் அதே கதை. பஸ் ஓட்டும் அவர் கணவர், கல்யாணமான மறுமாதமே கண்ணாடி டம்ளர்களை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாராம்.

பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் அக்கா படாத பாடு பட்டார். அதன் உள்ளே தட்டு சுழலும். மேஜையிலிருந்து விழுந்தாலே கதை கந்தல். அவர் கையால் இரண்டு போய்ச் சேர்ந்தன. இன்னொன்று விழுந்தால் வேலையை மறந்துவிடலாம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பிறகு எஸ்எஸ்டி வந்தது. சுழல எதுவும் கிடையாது, வெறும் சில்லுகள். வேகத்துக்காக வாங்கினேன் என்றார் மேனேஜர். யாருக்குப் பயந்து வாங்கினார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படியும் மேனேஜருடைய டிரைவை மட்டும் அக்கா தொடக்கூடாது. ஆறு மாதமாக வரைந்த பாலம் முழுக்க அதில்தான் இருந்தது.

போன திங்கட்கிழமை காலை அந்த டிரைவ் வேலை செய்யவில்லை. மறுநாள் வரைபடங்களைக் கொடுத்தாக வேண்டும்.

"ஒரு தடவைகூட கீழ விழுந்ததில்லையே! பொத்திப் பொத்தி வச்சிருந்தேனே!" மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

எதிர் மேஜையில் அக்கா எழுந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"விழுந்திருக்கு சார்."

"என்னது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க கிளம்பினப்புறம், கீழ பிரிண்ட் போட எடுத்துட்டுப் போனேன். படியில நழுவிடுச்சு. பதினாலு படி சார், எண்ணிட்டேன். மாட்டிப் பார்த்தா நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் பயந்துபோய் எல்லாத்தையும் என் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்துட்டுத்தான், நீங்க விட்டுட்டுப் போனபடியே மாட்டி வச்சேன். வேலைய விட்டு அனுப்புறதுன்னா அனுப்பிடுங்க. பாலம் இந்தாங்க."

அக்கா நீட்டிய டிரைவை மேனேஜர் வாங்கி மாட்டினார். பாலம் திறந்தது, ஒரு கோடு குறையாமல்.

செத்த டிரைவை அன்றே பழுது பார்ப்பவரிடம் அனுப்பினோம். அவர் போனில் சிரித்தார். "விழுந்ததுல ஒண்ணும் ஆகலைங்க. லீவு நாள்லயும் மாட்டியே வச்சிருந்தீங்களா? கரண்ட் ஏறி இறங்கினதுல சில்லு போயிடுச்சு."

மறுநாள் பாலத்தைக் கொடுத்துவிட்டு வந்த மேனேஜர், புது டிரைவ் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து அக்காவின் மேஜையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதையும் ஒரு தடவை படியில போட்டுடும்மா."