ஆக்லாந்துக்கு வந்த ஸ்னோ ப்ளோவர்

பனியே விழாத ஊருக்கு, வாசல் பனியை அள்ளி எறியும் ஸ்னோ ப்ளோவர் கொண்டுவந்த குடும்பம் ஆக்லாந்தில் எங்களைத் தவிர வேறு இருக்காது. பிளாட் புஷ் பகுதியில் எங்கள் கராஜை எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள், பிறகு காரணம் கேட்பார்கள். காரணம் என் கணவரின் மச்சான். ரொறன்ரோவில் சாமான்களைக் கப்பலுக்கு அனுப்பும் முன், பல வருடமாக இங்கே இருக்கும் அவரிடம் குளிர் எப்படி என்று கேட்டோம்.

"ஐயோ, அதை ஏன் கேக்கிறியள்! வீட்டுக்குள்ளயே ஜக்கெட்டோடதான் திரியிறம்."

பொய்யில்லை. ஹீட்டர் போட மனம் வராத நம்மவர்களுக்கு இந்த ஊர் வீடுகள் அப்படித்தான். நாங்களோ வாசலில் முழங்கால் உயரப் பனியைக் கற்பனை செய்துகொண்டு மெஷினையும் ஏற்றிவிட்டோம்.

அதைத் தேர்ந்தெடுத்தவள் நான். ரொறன்ரோவில் கணவர் இருட்டோடு வேலைக்குப் போய்விடுவார். வாசலை வெட்டித் துப்புரவாக்கிக் காரை எடுப்பது என் பாடு. தெருப்பனியை வழிக்கும் லொறி அத்தனையையும் நம் வாசலில் தள்ளிவிட்டுப் போகும். அது கல்லாக இறுகிவிடும். கடையில் கணவர் சின்ன மெஷினைக் காட்டி, "பொம்பிளையளுக்கு இது காணும்" என்றார். சின்னதில் ஒரே சுழலிதான், அதுவே அள்ளி அதுவே எறிய வேண்டும். பஞ்சுப் பனிக்குச் சரி, இறுகிய பனியில் ஏறி நின்று முழிக்கும். எனக்கு வேண்டியது இரண்டு கட்ட மெஷின்: முன்னால் திருகு கடித்து நொறுக்கும், பின்னால் விசிறி அதை வேலிக்கு அப்பால் வீசும். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் பிறகு நான் வேலை செய்த பல் கிளினிக்கில் என் முதல் நோயாளி ஒரு நாளும் காத்திருந்ததில்லை.

"ரெண்டு வருஷம்தானே, பிறகு திரும்பி வருவம்" என்றுதான் கணவர் என்னை இங்கே கூட்டிவந்தார். இங்கே பற்களில் கை வைக்க வேண்டுமென்றால் மறுபடியும் பதிவு, அதற்கான படிப்பு. இரண்டு வருடத்துக்காக யார் அந்தப் பாடு படுவது என்று பக்கத்துப் பாட்டனி டவுன்ஸில் ஒரு கடையில் குளியல் துவாய் மடிக்கப் போனேன். இரண்டு நாலாயிற்று. கேட்கும்போதெல்லாம் "பாப்பம்" என்பார். இங்கே வேர் விடவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை. அந்த மெஷின் மட்டும்தான் எனக்குத் தெம்பு. அது கராஜில் நிற்கும்வரை நாங்கள் திரும்பிப் போகிறவர்கள். அதனால் பழுதாகிவிடாமல் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைப்பேன்.

ஒரு சனிக்கிழமை ட்ரெயிலரோடு ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றார். தெற்கே, பனி கொட்டும் மலையடிவாரத்தில் விடுதி நடத்துகிறவராம்.

"ஆர் இது?" என்றேன்.

"மெஷின் பாக்க வந்தவர். விளம்பரம் போட்டனான்."

"ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?"

"சும்மா பாக்கட்டுமன்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம். ஆனாலும் வந்தவர் முன்னால் என்ன கதைப்பது? கராஜ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கணவர் கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார். சோக்கைப் போடவில்லை, பெட்ரோல் குமிழை அமுக்கவில்லை. எங்கே அமுக்குவது என்றே அவருக்குத் தெரியாது. சட்டை நனைந்ததுதான் மிச்சம். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், இந்த மனிதர் வந்த வழியே போய்விடுவார்.

அவர் போகத்தான் திரும்பினார். போகிறவர் சும்மா போயிருக்கலாம். மெஷினைத் தட்டிப் பார்த்து, பராமரிக்காமல் விட்டிருக்கிறீர்கள் போல என்றார்.

பராமரிக்காமலா? என் மெஷினையா?

கணவரைத் தள்ளிவிட்டுப் போனேன். குமிழை அமுக்கி, சோக்கைப் போட்டு, ஒரே இழுவை. கராஜ் அதிர்ந்தது. இந்தப் பிடி சக்கரத்துக்கு, அந்தப் பிடி திருகுக்கு, இதைத் திருப்பினால் பனி எந்தப் பக்கம் விழும், அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தடியால்தான் தட்ட வேண்டும், கையை விடவே கூடாது என்று ஒன்று விடாமல் சொல்லிக் காட்டினேன். நாலு வருடத்தில் இந்த நாட்டில் ஒருவர் நான் சொல்வதை அப்படிக் கவனித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. உங்களுக்கு இது தேவைப்படாதா என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னவர் கணவர்.

"இல்லை. நாங்கள் இனி இங்கேதான்."

ஆங்கிலத்தில், ஒரு முன்பின் தெரியாதவரிடம், மிகச் சாதாரணமாகச் சொன்னார். என் கை இன்னும் பிடியில்தான் இருந்தது. திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் ட்ரெயிலரின் சாய்வுப் பலகையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

விலை படிந்தது. நான் எஞ்சினை நிறுத்த, இரண்டு ஆண்களும் சேர்ந்து தூக்கப் பார்த்தார்கள். அசையவில்லை. அது தூக்குகிற மெஷின் இல்லை, தானாக ஏறும் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். "கொஞ்சம் ஏத்தி விடுமன்" என்றார் கணவர்.

மறுபடி ஸ்டார்ட் செய்து, கியரைப் போட்டு, பலகையில் நானே அதை ஏற்றிவிட்டேன்.