நாலு கண் அம்மன்

எங்கள் தெருவுக்கு மாநகராட்சியின் பேட்டரி வண்டியில் குப்பை எடுக்க வரும் அக்கா, சேலைக்கு மேல் ஆரஞ்சுக் கோட்டும் நெற்றி நிறையத் திருநீறுமாக இருப்பார். யார் வாளியை நீட்டினாலும் முதலில் குச்சியால் கிளறிப் பார்ப்பார். ஈரக்குப்பையும் காய்ந்த குப்பையும் கலந்திருந்தால் திட்டு விழும். அப்படியும் தெரு திருந்தவில்லை. பிரிக்காத குப்பைக்காகத் துப்புரவு மேஸ்திரியிடம் அவர்தான் திட்டு வாங்கினார்.

ஒருநாள், நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் வீணாய்ப்போன அம்மன் காலண்டர் ஒன்றைக் குப்பையோடு நீட்டினேன். அம்மனுக்கு நாலு கண் விழுந்திருந்தது.

"சாமியப் போயி குப்பையில போடுறீகளே அண்ணாச்சி!" என்று பிடுங்கி வண்டியின் முன்னால் கட்டினார்.

"நாலு கண்ணோடயா?"

"நல்லதுதான! ரெண்டு ஈரத்தப் பாக்கும், ரெண்டு காஞ்சதப் பாக்கும். இனிமே நான் எதுக்குக் கிளறணும்?"

மறுநாளிலிருந்து குச்சியைக் காணோம். எதிர்வீட்டுப் பட்டாசு முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு வாளிகளோடு நிற்கிறார். யாரோ பூ வைக்கிறார்கள். வாடியதும் அக்கா அதைக் கூசாமல் ஈரக்குப்பையில் போடுகிறார்.

அது பக்தியா, கெட்டிக்காரத்தனமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் குளித்துவிட்டுத்தான் குப்பை போடப் போகிறேன்.