ஜோடி கிடைக்காத வரி

அக்காவின் இடது ஆள்காட்டி விரல் தேசியத் தரநிலைத் தாளில், வலது விரல் மாநிலத் தரநிலைத் தாளில். இரண்டும் ஒரே வேகத்தில் வரி வரியாக இறங்குகின்றன. இடப்பக்கம் உள்ளது வலப்பக்கம் இல்லையென்றால் வலது விரல் அங்கேயே நின்றுவிடும். "இதுக்கு ஜோடி கிடைக்கலையே" என்பார், துவைத்த துணியில் ஒற்றைக் காலுறைக்கு இணை தேடுகிறவர் போல.

பாடத்திட்ட அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் மொழியில் என்னென்ன கற்றிருக்க வேண்டும் என்று நாடு சொல்வதையும் மாநிலம் சொல்வதையும் ஒப்பிடுவதுதான் வேலை. நாங்கள் வைத்த பெயர் ரெட்டைவிரல் அக்கா. "பேர் வைக்கத்தான் உங்களுக்கெல்லாம் சம்பளமா?" என்பதோடு விட்டுவிடுவார். சில வரிகளை வாய்விட்டுப் படித்து, "இதை எழுதினவருக்கு எப்பவாவது ஆறு வயசு இருந்துச்சா?" என்று கேட்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலி. பள்ளி விட்டதும் மகள் அதில் வந்து உட்காருவாள். ஒன்றாம் வகுப்பு. அப்பா விபத்தில் போனதிலிருந்து பேசுவதில்லை. காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது, வாய்தான் திறப்பதில்லை. வகுப்பில் கேட்ட கதையைப் படமாக வரைந்து அம்மாவிடம் காட்டுவாள்.

மாநிலத் தரநிலை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்ட கதையைச் 'சொல்லியோ வரைந்தோ நடித்தோ' காட்டலாம் என்கிறது. தேசியத் தரநிலையில் 'வாய்மொழியாகச் சொல்லும்' என்பது மட்டும்தான். மாநிலத்ததையும் தேசியத்தின்படியே மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மாற்றினால், பேசாத பிள்ளை கதையே புரியாத பிள்ளை என்று பதிவாகிவிடும். கூட்டத்தில் அக்கா தொண்டை வற்ற வாதாடினார்.

"ஏம்மா, எங்கேயோ இருக்கிற ஒண்ணு ரெண்டு பிள்ளைங்களுக்காக எல்லாத்தையும் வளைக்க முடியுமா?" என்றார் இயக்குநர்.

"எங்கேயோ இல்ல சார்" என்றார் அக்கா. தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க பொண்ணைப் பத்திச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னா பாவம் பார்த்து என் பொண்ணை மட்டும் விட்டுடுவாங்க. மத்த பிள்ளைங்க என்னடா பண்ணும்?"

இன்று முடிவு வந்துவிட்டது: வாய்மொழி மட்டும்தான். மாநில வரியை அடித்து நீக்குகிற வேலை யார் தலையில் விடியும்? அவர் தலையில்தான். 'வரைந்தோ நடித்தோ' என்பதன் மேல் சிவப்புப் பேனாவை இழுத்தார். கோடு கோணவில்லை. எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு என்ன கதைடா தங்கம்?"

பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். ஒரு கரடி, தாள் முழுக்க மழை, மூலையில் ஓட்டைக் குடை.

அக்கா அந்தப் படத்தைத் தரநிலைகளின் மேலேயே விரித்தார். இடது விரல் கரடியிலிருந்து மழைக்கும், மழையிலிருந்து குடைக்கும் மெல்ல ஊர்ந்தது. வலது விரலை மகளின் மூடிய வாய்க்குக் கீழே, மோவாயில் வைத்தார். அது அங்கேயே நின்றது.