வெட்டி எறிந்த நாற்பது நொடி

இந்தப் பக்கத்தில் என் வீடியோ பெருமையை நான் அளந்துவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ரத்தம் எடுப்பது எப்படி, தையல் போடுவது எப்படி... பாறசாலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறேன் அல்லவா, வகுப்பறைக்கே வேலையில்லாமல் செய்துவிட்டேன் என்று குதித்தேன்.

போன வாரம் குதித்தது நின்றது.

அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்பூரியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தங்கபாய் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சர்க்கரை நோய். காலில் ஆறாத புண். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் பார்த்துத்தான் மருந்து எழுத வேண்டும். ரத்தம் எடுக்கப் போனவன் அஜின். காரோடு ஊர்ப் பையன், என் மாணவன், என் வீடியோக்களை மனப்பாடமாகச் சொல்பவன்.

பக்கத்து அறையில் அடுத்த வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்த எனக்கு அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"எலே மக்கா, எனக்க ரப்பர் மரத்துல இப்படி நாலு இடத்துல குத்தினேன்னா, முதலாளி அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாரு."

ஓடினேன். இரண்டு கையிலும் பஞ்சு. அஜினுக்கு வியர்த்திருந்தது.

"நான் எடுக்கிறேன் அம்மா. ஒரே ஒரு தடவை."

"வேண்டாம் மக்கா. உள்ளது போதும். அம்பூரி பஸ் போயிரும். வாறேன்."

போய்விட்டார்.

"விரல் வச்சுப் பாத்தியாலே?" என்று அஜினிடம் பாய்ந்தேன்.

"எதுக்கு சார்? உங்க வீடியோல நரம்பு தெளிவா தெரிஞ்சுதே. இந்தம்மாக்க கைல ஒண்ணும் காணேல."

தெரியாமல் என்ன? நடித்தது என் கை அல்லவா — ஜிம்முக்குப் போய் நரம்பு புடைத்த கை! கேமராவுக்கு அழகாக இருக்கும் என்று நானேதான் தேர்ந்தெடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத நரம்பை விரலால் தடவித் தேடும் இடம் நாற்பது நொடி ஓடியது. திரையில் ஒரு விரல் சும்மா அசைகிறது. போரடிக்கிறது... வெட்டி எறிந்தேன்.

அஜின் நான் கற்றுக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறான். யாரைத் திட்டுவது?

போன வாரம் சர்ஜரி வார்டில் தங்கபாயைப் பார்த்தேன். இடது காலில் இரண்டு விரல் இல்லை.

"பிறகு ஏன் அம்மா வரல?"

"பயமாக்கும். ரெண்டு கையும் ஒரு ஆழ்ச்ச, ஏழு நாளு, நீலிச்சுக் கெடந்துது. பால் வெட்டக் கத்தி பிடிக்கண்டாமா?"

அன்றைக்கு நானே ரத்தம் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினேன். அழுத்தினால் மெல்லத் திருப்பித் தள்ளும் — அதுதான் நரம்பு. ஒரே குத்து.

அவர் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது அன்னைக்கு எங்க மக்கா போச்சு?"

என்ன சொல்வேன்? நன்றாக எடிட் செய்திருந்தேன் என்றா?

அன்று மாலையே அந்த நாற்பது நொடியைத் தேடியெடுத்து ஒட்டி, வீடியோவை மறுபடி ஏற்றினேன். முதல் கமென்ட் ஒரு மாணவியிடமிருந்து வந்தது:

"சார், சூப்பர். நடுவுல மட்டும் கொஞ்சம் இழுக்குது... கட் பண்ணிடலாமே?"