தண்ணியில இருந்து அசைச்ச கை

போன வருஷம் ஆகஸ்ட் லீவு. மலைநாட்டுல நோட்டன் பிரிட்ஜ் டேம் ஓரமா ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல நான் சமையல் வேலை செய்றேன். எங்க வீட்டுக்காரருக்கு அதுக்குப் பக்கத்துலயே சின்னதா ஒரு கராஜ். ஆட்டோ, பைக், தேயிலைக் கொழுந்து ஏத்துற லொறி, எது வந்தாலும் பார்ப்பாரு. முடியாதுங்கிற வார்த்தையே அந்த மனுஷன் வாயில வராது. அவருகிட்ட எனக்குப் பிடிச்சதும் அதுதான், பயமும் அதுதான்.

கெஸ்ட் ஹவுஸ் முதலாளி பழைய ஜெட் ஸ்கி ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தாரு. தண்ணியில ஓடுற மோட்டர் சைக்கிள்னு வச்சுக்கங்களேன். எஞ்சின்ல இருந்து வர்ற சாஃப்ட், அந்தச் சுத்துற கம்பி, மெஷினோட உடம்பைத் துளைச்சு வெளிய போற எடத்துல ஒரு ரப்பர் உறையும் கருப்பு வளையமும் இருக்கும். தண்ணிய உள்ள விடாம தடுக்கிறது அது ரெண்டுந்தான். ரெண்டுமே தேஞ்சு போயிருந்துச்சு. கொழும்புல இருந்து புதுசு எடுப்பிச்சு, போன்ல வீடியோ பார்த்துப் பார்த்து இவரு மாட்டிட்டாரு.

எங்க கராஜ்ல பூசை போடாம எந்த வண்டியும் வெளிய போகாது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டு சூடம் கொளுத்துவோம். சூடம் தானா அணையிற வரைக்கும் எஞ்சின் நிக்கக் கூடாது. அன்னைக்கும் ஜெட் ஸ்கிய ட்ரெய்லர் மேலயே வச்சு, டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு, நல்ல பெரிய கட்டியா கொளுத்தினோம். எஞ்சின் போட்ட சத்தத்துல கராஜே அதிர்ந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம்.

அப்புறம் டேமுக்கு இழுத்துட்டுப் போனோம். "வா, ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்"னு என்னையும் கூப்பிட்டாரு. நான் மிதக்கிற ஜாக்கெட் போட்டுக்கிட்டேன். அவரு போடல, ஒரு சுத்துதானேன்னுட்டாரு. கரையில நின்ன எங்க மகள்கிட்ட போனைக் குடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். அவளுக்கு ஒம்பது வயசு.

நடு டேம்ல எஞ்சின் இருமிட்டு நின்னுச்சு. பின்பக்கம் கனமாகி, முன்பக்கம் மெதுவா மேல தூக்க ஆரம்பிச்சுச்சு. அவரு சீட்டைத் தூக்கினாரு. உள்ள எஞ்சினைக் காணோம், தண்ணிதான் இருந்துச்சு. அடுத்த நிமிஷம் ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள. மலையில பொறந்த எங்களுக்கு நீச்சல் ஏதுங்க? அவரு என் ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தொங்க, ரெண்டு பேரும் சேர்ந்து முங்க ஆரம்பிச்சோம்.

கரையைப் பார்த்து ஒரு கையை வெறி பிடிச்ச மாதிரி ஆட்டினேன். மகளும் துள்ளித் துள்ளிப் பதிலுக்குக் கை ஆட்டினா. சிரிக்கிறா. நாங்க டாட்டா காட்டுறோம்னு நினைச்சுக்கிட்டா. புள்ள பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கவே அப்பாவும் அம்மாவும் போயிரப் போறோமேன்னு தோணுச்சு.

தூரத்துல வலை இழுத்துக்கிட்டு இருந்த ஒரு சிங்கள அங்கிள் எங்க கையைப் பார்க்கலையாம். மெஷின் மூக்கு வானத்தைப் பார்த்து நின்னதைப் பார்த்திருக்காரு. வலையை அப்படியே விட்டுட்டு ஓடத்தைத் தள்ளிக்கிட்டு வந்துட்டாரு. "பய வென்ட எப்பா, பய வென்ட எப்பா"ன்னு, பயப்படாதீங்க பயப்படாதீங்கன்னு சொல்லிக்கிட்டே, முதல்ல எங்க வீட்டுக்காரரைத்தான் தலைமுடியைப் பிடிச்சுத் தூக்கினாரு.

மறுநாள் எங்க வீட்டுக்காரரு மெஷினைக் கரைக்கு இழுத்துக் கழட்டிப் பார்த்தாரு. ரப்பர் உருகிக் கெடந்துச்சு, வளையம் வெடிச்சிருந்துச்சு. சாஃப்ட் சுத்துறப்ப அந்த எடத்தைக் குளிர வைக்கிறதே டேம் தண்ணிதானாம். தரையில ஓட விட்டா சூடேறிடுமாம். "சூடம் எரிஞ்ச நேரம் பூரா இதுவும் உள்ள எரிஞ்சிருக்கு"ன்னு சொன்னாரு. சாமி பேர்ல செஞ்ச காரியமே எங்களை முக்கிடுச்சேன்னு நானும் ஆடிப் போயிட்டேன்.

அந்த வீடியோவை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதுல மகளோட குரல்: "அம்மா டாட்டா! அப்பா டாட்டா!" அவ தூங்கினதும் அழிச்சிட்டேன். என்ன நடந்துச்சுன்னு அவளுக்கு இன்னும் சொல்லல. ஆனா இப்பல்லாம் தூரத்துல யாராவது கை அசைச்சா நான் பதிலுக்குக் கை தூக்குறது இல்லைங்க, வேலையைப் போட்டுட்டுக் கிட்டப் போய் அவங்க மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்.