அவருடைய இடது பக்கம்

கல்யாணமாகி வங்காளத்தில் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் வந்து இறங்கிய அன்று என் கணவர் என்னிடம் சொன்ன முதல் உருப்படியான வாக்கியம், "அந்தப் பெட்டியப் பிரிக்காத" என்பதுதான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்மா தன் கொலுப் பொம்மைகளில் பாதியைப் பழைய புடவையும் செய்தித்தாளும் சுற்றி, ஒரு மரப்பெட்டியில் வைத்து ஆணியடித்து எனக்குக் கொடுத்திருந்தாள். அவர் ரயில்வேயில் பாலங்களுக்கு வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன். மெட்ராஸுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்து, லிஸ்டில் பெயர் ஏறியிருந்தது. ரெண்டே வருஷம், ஆர்டர் வந்துவிடும் என்றார்.

பெட்டியைப் பிரிக்காததற்கு எனக்கும் ஒரு காரணம் இருந்தது. கொலு வைக்க ஆரம்பித்தால் வருஷம் தவறாமல் வைக்க வேண்டும், நடுவில் விட்டால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். மாற்றல் வந்து சாமான்கள் லாரியில் கிடக்கிற வருஷம் நவராத்திரி வந்தால் என்ன செய்வது? அதனால் ஆரம்பிக்கவே இல்லை. ஊரே பூஜையில் மிதக்கும் அந்தப் பத்து நாளும் எங்கள் பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எதிர்வீட்டு வங்காளி அம்மாள், மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம், ஒவ்வொரு வருஷமும் உங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்பாள். அடுத்த வருஷம் என்பேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

பெட்டி மட்டுமா? ஜன்னலுக்குத் திரை தைக்கவில்லை, அளவு மாறும் என்று. தொட்டி வாங்கி ஒரு துளசி வைக்கவில்லை. வங்காளம் நான் கற்றுக்கொண்டது மீன்காரனை வாசலிலிருந்து விரட்டுகிற அளவுக்குத்தான். மகள் அங்கேயே பிறந்து, என் தயவில்லாமல் வங்காளத்தில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். ரெண்டு வருஷம் ஒன்பதாயிற்று. வீட்டில் எதைப் பற்றிப் பேசினாலும் அங்கே போய்ப் பார்த்துக்கலாம் என்றுதான் பேச்சு முடியும்.

மாஷிமாதான் முதலில் சொன்னாள். உன் வீட்டுக்காரருக்கு என்மேல் என்ன கோபம், மாடிப்படியில் எதிரே நின்று பேசினாலும் பார்க்காமல் போகிறாரே என்று. மாஷிமாவின் கதவு ஏறும்போது இடது கைப்பக்கம். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவரிடம் கேட்டால், அவள் அங்கே நிற்கவே இல்லை என்று சாதித்தார். அந்த மாதத்திலேயே சாப்பிடும்போது இலைக்கு இடது பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பை மூன்று தடவை கவிழ்த்தார். மூன்று தடவையும் நான் கேட்டது, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தலைவலி என்று அவரே ஒருநாள் பெஹாலாவில் இருந்த ஒரு தனியார் கண் டாக்டரிடம் போகலாம் என்றார். ரயில்வே ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அதை விட்டுவிட்டு மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பெஹாலா எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. டாக்டர் அவரை நேராகத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வலது பக்கம் விரலை ஆட்டினார். தெரிகிறது என்றார் இவர். இடது பக்கம் ஆட்டினார். நான் பின்னால் சுவரோரம் நின்றிருந்தேன், எனக்கு விரல் தெரிந்தது. இவர் சும்மா உட்கார்ந்திருந்தார். டாக்டர் விரலை இன்னும் உள்ளே கொண்டுவந்தார். இன்னும் கொஞ்சம். எப்போது ஆட்டப் போகிறீர்கள் என்று இவர் மரியாதையாகக் கேட்டார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்து போதாது, ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று, யாரிடமும் சொல்லாதே என்றார். ஆபரேஷனுக்கு லீவு வேண்டும். லீவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி சர்ட்டிஃபிகேட் வேண்டும். கண் சரியில்லை என்று அங்கே எழுதிவிட்டால் டிராயிங் வேலையிலிருந்து எடுத்து வேறு வேலையில் போடுவார்கள். வேலை மாறினால் மாற்றல் லிஸ்டில் பெயர் போய்விடும். ஒன்பது வருஷம் காத்திருந்து நாலாவது பெயராக வந்திருக்கிறோம். ஆர்டர் வரட்டும், மெட்ராஸில் போய் மறுநாளே ஆபரேஷன்.

நான் அவரைத் தடுத்தேன் என்று எழுத ஆசைதான். தடுக்கவில்லை. நாலு என்ற எண் என் காதிலும் இனித்தது. மருந்தைப் போட்டுவிட்டேன், சாமிக்கு வேண்டிக்கொண்டேன், சொம்பை இலைக்கு வலது பக்கம் மாற்றி வைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான். நாலு மூன்றாயிற்று. தினமும் மாலை அவர் படியேறும் சத்தத்தில் ஆர்டர் இருக்கிறதா என்று காது கேட்கும், கால் தடுக்குகிறதா என்றும் காது கேட்கும். இரண்டில் எதற்காக அதிகம் பயந்தேன் என்று எனக்கே தெரியாது. ஏழு மாதம் இப்படி ஓட்டினோம்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மூவரும் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ரோட்டில் முழங்கால் தண்ணீர். நான் பையோடு முன்னால் போனேன். பின்னால் மகள் கத்துகிற சத்தம். திரும்பினால், மூட்டை ஏற்றிய சைக்கிள் வேன் ஒன்று அவரை உரசிக்கொண்டு போகிறது. அவள் அவருடைய சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்து வைத்திருந்தாள். வேன்காரன் திட்டினான். அவர் யாரைத் திட்டுகிறான் என்பது போல வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவள் தலையைத் துவட்டும்போது, அப்பாவை எதற்கு அப்படி இழுத்தாய் என்று சும்மா கேட்டேன். எட்டு வயசு அவளுக்கு.

"அப்பாவுக்கு அந்தப் பக்கம் தெரியாதும்மா. இடது பக்கம் எப்பவும் நான்தான் நடப்பேன். உன்கிட்ட சொன்னா பயப்படுவேன்னு சொல்ல வேண்டாம்னாரு."

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். போன பூஜையிலிருந்து என்றாள். பெஹாலாவுக்குப் போனதற்கும் முன்னாலிருந்து. என்னிடம் மறைத்த கோபம் ஒரு பக்கம். குழந்தையின் தலைமேல் இதை ஏற்றிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். துண்டை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் பயந்து, இனிமேல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

மறுநாள் காலை அவர் சாப்பாட்டு டப்பாவைத் தேடினார். நான் கட்டவில்லை. ரயில்வே மெடிக்கல் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் செருப்போடு நின்றேன்.

"மூணாவது பேரு," என்றார் அவர். "இன்னும் மூணே மாசம்."

"மெட்ராஸ் போய் எதைப் பாக்கப்போறீங்க? கடல் எந்தப் பக்கம்னு இவதான் உங்களுக்குக் கையப் புடிச்சுக் காட்டணும்."

அவர் நின்ற இடத்திலேயே சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார், கடைசிப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டார். நான் சரி செய்தேன். பிறகு கீழே இறங்கினோம். நான் இடது பக்கம் நடந்தேன்.

ஆபரேஷன் நடந்தது. வலது கண்ணில் மிச்சமிருந்தது நின்றது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். ஏழு மாதம் முன்னால் வந்திருந்தால் அதிலும் பாதியாவது இருந்திருக்கும் என்று ரயில்வே டாக்டர் சொன்னார். திட்டக்கூட இல்லை அவர். என் கணவர் பயந்தபடியே அவரை டிராயிங் வேலையிலிருந்து எடுத்து, அதே ஆபீஸில் ஃபைல்களைப் பதிவு செய்கிற மேஜையில் போட்டார்கள்.

லிஸ்ட்டைக் கவனிக்கும் பெரிய குமாஸ்தாவிடம், என் பெயரை அடித்தாயிற்றா என்று அவரே போய்க் கேட்டிருக்கிறார். எதற்கு அடிக்க வேண்டும் என்றாராம் அந்த ஆள். ஆஸ்பத்திரி உத்தரவால் வேலை மாறியவருக்கு இடம் போகாது, யார் சொன்னது உங்களுக்கு? எப்போதோ டீக்கடையில் ஆபீஸ்காரர் ஒருவர் இவரிடம் சொன்னது. கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்களே என்று கேட்கவில்லை. இதை அவர் என்னிடம் சொல்லிவிட்டு, சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மோரை ஊற்றினேன்.

அடுத்த மஹாளயத்துக்கு முந்தின நாள் நான் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். அவர் சுத்தியலைக் கொண்டுவந்தார். பொம்மைகளைச் சுற்றியிருந்த செய்தித்தாள் தொட்டால் பொடிந்தது. உள்ளே பொம்மைகள் நன்றாகத்தான் இருந்தன, நாட்டியக்காரிக்கு ஒரு கை மட்டும் இல்லை. காலிப் பெட்டியைக் கவிழ்த்து மேல் படியாக வைத்தோம். மாஷிமா வந்து, இத்தனை வருஷமும் இவர்கள் எல்லாரும் உள்ளேயா இருந்தார்கள் என்று என்னைக் கேட்டாள்.

நாலாம் நாள் சாயங்காலம் அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். கார்பன் காப்பி, எழுத்து மங்கல். என்னவென்று படி என்றார், என்னவென்று தெரிந்துகொண்டேதான். நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அவர் பெயர், பழைய ஆபீஸ், புதிய ஆபீஸ், மெட்ராஸுக்கு அப்போது வைத்திருந்த புதுப் பெயர். பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருந்த உத்தரவு ஒன்றரை வரிதான். பூஜை லீவு முடிந்ததும் இவரை விடுவிப்பார்களாம்.

படித்து முடித்து அவரைப் பார்த்தேன். அவர் கொலுவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, மகள் அடுக்கிவைத்த மூன்றாம் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல கடை வச்சிருக்கற செட்டியார் பொம்மை உண்டுன்னியே, எங்க?"

இடது ஓரத்தில், பலசரக்குக் கூடைகளோடு, ஜம்மென்று உட்கார்ந்திருந்தார் செட்டியார். மகள் என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வை," என்றார் அவர். "பாக்கலாம்."

ஆர்டரை மடித்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, நானும் அவளும் செட்டியாரை வலது பக்கம் நகர்த்தினோம். பிறகு அவர் கேட்காமலே, ஐந்து படியிலும் இடது பக்கம் இருந்த எல்லாப் பொம்மைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வலது பக்கம் நெருக்கி வைத்தோம்.